மூலை பெஞ்சில் நூற்றிருபது கிலோ

உட்காரச் சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. முதுகு பிடித்திருக்கிறது, நின்றுகொண்டே சொல்கிறேன். நீங்கள் எழுதிய விபத்து அறிக்கையில் ஒரு வரி தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அந்த வரிக்கு வருவதற்குமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் உடற்பயிற்சிக் கூடம் நல்ல கூடம். அங்கே இல்லாத கருவி இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது பேர் வந்து குவிவார்கள், கால் வைக்க இடமிருக்காது. எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும், வியர்வையைத் துடைக்க வேண்டும், அடுத்தவருக்கு முறை விட வேண்டும். வேறொன்றும் பெரிய சட்டமில்லை. நான் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி அடுக்குகிறவன். கத்தரிக்கோல் அதன் தட்டில் இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆறு வருடமாக அந்தக் கூடத்தில் சிதறிக் கிடக்கும், கம்பியில் எடைக்கு மாட்டுகிற இரும்புத் தட்டுகளை யாரும் கேட்காமலே அடுக்கிவைத்தேன். சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் துண்டுக்காரர் வந்து சேர்ந்தார். அது நான் வைத்த பெயர். உள்ளே நுழைந்ததும் மூலை பெஞ்சில் துண்டைப் போட்டுவிடுவார், பேருந்தில் இடம் பிடிக்கிற மாதிரி. அப்புறம் ஊர்க்கதை பேசப் போய்விடுவார். அரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் ஈரத் துண்டு மட்டும் மல்லாந்து கிடக்கும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதுதான் சிக்கல்.

"துண்ட எடுங்க, ஆளுங்க காத்திருக்காங்க" என்று நான்தான் சொன்னேன், மூன்று தடவை.

"ரெண்டே நிமிஷம்ணே. கோவிச்சுக்காதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருநாள் நான் பெஞ்சில் மல்லாந்து படுத்து நூறு கிலோ போட்டுத் தூக்கியபோது கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் நடப்பதுதான். துண்டுக்காரர் வந்தார். "விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே கையால் கம்பியைப் பிடித்து ஏற்றினார். இன்னொரு கையில் கைப்பேசி. பேச்சைக்கூட நிறுத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போன மாதம் நான்காம் தேதி, மணி ஆறு நாற்பது. அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் நூற்றிருபது போட்டார். கம்பி மாட்டிக்கொண்டால் தூக்கிவிட, தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும். என்னைத்தான் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பின்னாடி நில்லுங்கண்ணே. நீங்க நின்னா எனக்குத் தைரியம்."

தட்டுகள் நழுவாமல் கம்பியின் முனையில் மாட்டுகிற கிளிப்பை அவர் போடுவதில்லை. பலரும் போடுவதில்லை. கை ஓய்ந்துபோனால் கம்பியை ஒரு பக்கம் சாய்க்கலாம். தட்டுகள் சரிந்து விழுந்துவிடும், ஆள் தப்பித்துக்கொள்வார். நான் இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினேன்.

"இது எதுக்குண்ணே?"

"கூட்டமா இருக்கு. சரிஞ்சா யார் கால்லயாவது விழும்."

"சட்டாம்பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். பக்கவாட்டில் கம்பியைத் தாங்கும் தடுப்புகளையும் இரண்டு துளை கீழே இறக்கினேன். கம்பி அதில் இடிக்கிறது என்று எப்போதும் முனகுவார். அதற்கு நன்றிகூடச் சொன்னார்.

ஐந்தாவது தடவை கம்பி பாதியிலேயே நின்றுவிட்டது. "எடுங்கண்ணே" என்றார். நான் கம்பியைப் பிடித்தேன், எடுக்கவில்லை. முகத்துப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக் கழுத்தில் இறக்கி, என் எடையையும் அதன்மேல் வைத்தேன். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தினேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். அவர் குதிகாலால் தரையை உதைத்தார். பளு தூக்கும்போது எல்லோரும் உதைப்பார்கள். கம்பியை இடது பக்கம் சாய்க்கப் பார்த்தார். தட்டுகள் கிளிப்பில் முட்டிக்கொண்டு நின்றன. குரல்வளை உடைந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. காதுக்குக் கேட்கவில்லை, பாட்டுச் சத்தம் அவ்வளவு. நான்கு சுவரிலும் கண்ணாடி ஐயா. நாற்பது பேரும் அவரவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என்னையே பார்த்தார். கண்ணின் வெள்ளையில் ரத்தம் படர்ந்தது. அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதிக்கு மேல் போன பிறகுதான் கால் ஓய்ந்தது.

கம்பியைக் கொக்கியில் ஏற்றிவிட்டு, ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். பிறகு அவர் மனைவி வந்தார்.

"நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே, அண்ணா. அவருக்கு ரொம்ப வலிச்சுதா?"

"இல்லம்மா" என்றேன். துண்டைப் பிழிந்து நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தேன். பெஞ்சைத் துடைத்தேன். இப்போது அதில் முறைவைத்து எல்லோரும் படுக்கிறார்கள்.

கொன்றது நான்தான். அதை உங்கள் வார்த்தையில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பேர் புழங்குகிற இடத்துக்காகச் செய்தேன், எனக்கென்று அதில் ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்த திருத்தம் வேறு. 'நான்கு பேர் சேர்ந்து கம்பியைத் தூக்கினர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடிவந்த நான்கு பேர் தூக்கியது அவரைத்தான், கம்பியை அல்ல. கிளிப்போடு சேர்த்து நூற்றிருபது கிலோவையும் அவர் கழுத்திலிருந்து எடுத்துக் கொக்கியில் வைத்தது நான், தனியாக. முதுகு பிடித்தது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.