சைபரில் நின்ற முள்

வாலாஜாபாத் பேருந்து பத்து நிமிடம் பிந்தினாலே எனக்குத் தலை வலிக்கும், ஐயா. தாமதம் எனக்கு ஆகாது.

பட்டுச் சாயப் பட்டறைகளுக்குத் தரவிதி எழுதும் குழுவின் செயலாளர் நான். பெயர் சிவபாலன். ஒரு விதி வெளிவர நாலைந்து வருடம் இழுக்கும். பட்டறையில் வைத்துச் சோதிப்பார்கள், கூடிக் கூடிக் கலைவார்கள். அதனால்தான் விரைவு வழி வந்தது. சோதனை கிடையாது. ஆட்சேபம் எழுதப் பதினைந்து நாள். யாரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று கணக்கு. ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும் பழைய வழிக்கே திரும்ப வேண்டும்.

பட்டு நூலைச் சோப்பு நீரில் அவித்துப் பசை எடுக்கும் மூடிய கொப்பரைக்கான விதியை அந்த விரைவு வழியில்தான் கொண்டுவந்தேன். அழுத்தமானியின் முள் சைபருக்கு வந்ததும் மூடியைத் திறக்கலாம் என்று எழுதியிருந்தேன். அந்தப் பதினைந்து நாளை வைகாசி கருட சேவையை ஒட்டி வைத்தேன். ஊரே சாமி பார்க்கப் போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் ஜோசுவா வந்தார். ஓரிக்கைப் பக்கம் ஒரு பட்டறையில் கொப்பரை வேலை.

"சார், சோப்பும் பசையும் போயி முள்ளுக்குப் போற கொழாய அடைச்சிக்கினு இருக்குது. முள்ளு சைபர் காட்டும், உள்ள ஆவி இருக்கும். நாங்க ஒரு மணி நேரம் ஆறவுட்டுத்தான் தொறப்போம். தொறக்கறது எங்க வூட்டுக்காரி சார்."

"எழுதிக் குடுங்க."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் கொப்பரைகிட்ட வேகறேன்? வாயால சொல்றேன், நீங்களே எழுதிக்கோங்களேன்."

அதற்கு விதியில் இடமில்லை. படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. என் அப்பா அரிசி ஆலையில் நெல் அவித்தவர். முழங்கை வரை அவருக்கு ரோமம் முளைத்ததே இல்லை.

நாற்பதே நாளில் விதி வெளிவந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பட்டறை முதலாளி, "இன்னாத்துக்கு ஆறவுடற? முள்ளப் பாரு, தொற" என்றாராம். ஆவணியில் ஜோசுவாவின் மனைவி இந்திராணி முள் சைபருக்கு வரும்வரை பொறுத்திருந்து மூடியைத் திறந்தார். மூன்று நாள் உயிர் இருந்தது. அவர் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார் என்று உங்கள் விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது.

ஜோசுவா படிவத்தைத் திருப்பித் தரவில்லையா என்று கேட்கிறீர்கள். தந்தார். யாரையோ பிடித்து எழுதி வாங்கி, கீழே கைநாட்டு வைத்திருந்தார். பதினாறாம் நாள் வந்ததாக முத்திரை இருக்கும், பாருங்கள். அவர் வந்தது பதினைந்தாம் நாள், மாலை நாலரை மணிக்கு. அவர் படி இறங்கும்வரை காத்திருந்து, முத்திரையின் தேதிச் சக்கரத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிக் குத்தினேன்.

அந்த ஒரு நாளைத் தவிர, ஐயா, எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்திருக்கிறேன்.