இருபத்தேழாவது அவுட்

ஜன்னலைச் சாத்திரட்டுமாக்கா? பஸ்ஸு பூரா தூசி அடிக்குதுல்ல. நான்தான் தெறந்தேன், நானே சாத்திடுறேன். ஒரு நெலையில உக்கார முடியல இன்னிக்கி. தப்பா எடுத்துக்காதீங்க.

ஆமா, நேத்து சாயங்காலம் சான் பெட்ரோல நடந்த பேஸ்பால் ஆட்டம்தான். ரேடியோல கேட்டீங்களா? ஓ, வீட்டுக்காரரு கேட்டாரா. அப்ப ஃபெர்மின் பேரு காதுல விழுந்திருக்கும். அவன்தான் பந்து போட்டான். ஒம்போது இன்னிங்ஸ், ஒரு ஹிட்டு இல்லக்கா, ஒருத்தனும் அவன் பந்தை அடிச்சு ஓடல. நாலு பந்து வெளிய போட்டு ஒருத்தனைச் சும்மா நடக்க விட்டான், அதோட சரி. பதினாலு தடவ வெறுங்காத்துல மட்டைய வீசிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு வந்தாங்க. எல்லாம் எங்க ஆளுங்க. நான் எதிர் டீமு.

ஆறாவது இன்னிங்ஸ்ல இருந்தே அவங்க பெஞ்சுல ஒருத்தனும் அவன்கிட்ட வாயத் தெறக்கல. பேசினா காரியம் கெட்டுரும்னு ஒரு பயம். தனியா ஓரத்துல உக்காந்து கரும்பு மென்னுட்டிருந்தான், படுபாவி. எனக்குக் காலு நிக்கல. எந்திரிக்கிறேன், தண்ணி குடிக்கிறேன், மறுபடி உக்காருறேன்.

ஏன்னா எனக்கு ஒண்ணு தெரியும்.

அவனும் நானும் அமெரிக்காவுல ஆடப் போய் நாலு வருசம் ஒரே ரூம்ல கெடந்தவங்கக்கா. பனி கொட்டுற சின்னச் சின்ன ஊரு. ஒத்த அடுப்பு. அவன் பீன்ஸ் ஆக்குவான், நான் பாத்திரம் கழுவுவேன். வயசுல என்னைவிட எட்டு சின்னவன், அண்ணேன்னுதான் கூப்புடுவான். வளைஞ்சு விழுற பந்து போடப்போறான்னா, அதுக்கு முன்ன அவன் இடது கை கிளவுஸ் லேசா விரியும். அவனுக்கே தெரியாது. வேற எவனுக்கும் தெரியாது. நேத்தும் விரிஞ்சிச்சு. ஒவ்வொரு தடவையும்.

சொல்லலக்கா. எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்கிட்டயும் சொல்லல.

கூட்டாளிங்கிறதுக்காகவா? அப்படிச் சொன்னா நல்லாத்தான் இருக்கும். எனக்கு முப்பத்தெட்டு வயசு. இந்த சீசன்ல பாதி நாளு பெஞ்சைத் தேச்சேன். என்கிட்ட இருந்த சரக்கு அது ஒண்ணுதான். சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு? என்னைக் கூப்புடுவாங்க, நானே அடிச்சுக் காட்டுவேன்னு உக்காந்திருந்தேன்.

கூப்பிட்டாங்களே. ஒம்போதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேரு அவுட். இன்னும் ஒண்ணு, இருபத்தேழாவது அவுட்டு விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. எங்க மேனேஜர் பெனாக் என் முதுகுல தட்டி, ராமிரோ, நீ போடா, உனக்கு அவனைத் தெரியும்ல, அப்படின்னாரு. தெரியும்னேன்.

சனம் பூரா எந்திரிச்சு நிக்குது. தகரத்தைத் தட்டுறாங்க, ஊதுறாங்க. மொத பந்து வேகம், விட்டேன், ஸ்ட்ரைக். ரெண்டாவது வெளிவிளிம்புல. மட்டைய உரசிப் பின்னால போச்சு, அதுவும் ஸ்ட்ரைக். மூணாவது விழுந்தா அவுட்டு. மூணாவதுக்குக் கையத் தூக்குறான். பாத்தேன். கிளவுஸ் விரியுது.

தண்ணி இருக்காக்கா? ஒரு வாய் போதும்.

வீசினேன். பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம். அவுட்டு. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள அவங்க ஆளுங்க எல்லாரும் அவன் மேல விழுந்து கெடக்குறாங்க. அந்தக் குவியலுக்குள்ளேர்ந்து பிச்சுக்கிட்டு நேரா என்கிட்ட ஓடியாந்தான். அண்ணேன்னான், கட்டிப்பிடிச்சான். அதை எங்க ஆளுங்க எல்லாம் பாத்துட்டாங்க.

துணி மாத்துற ரூம்ல பெனாக் கதவைச் சாத்திட்டாரு. எம் பேரன்கூட அந்தப் பந்தை மட்டையால தொட்டிருப்பான்டா, உன் கூட்டாளிக்கு விட்டுக்குடுத்தியா, உண்மையச் சொல்லுன்னாரு. இருபத்தஞ்சு பேரும் ஷூவைக் கழட்டாம நிக்குறாங்க. ஆமான்னேன்.

ஆமாக்கா, ஆமான்னுதான் சொன்னேன். ஒருத்தன் காறித் துப்பினான். பையைத் தூக்கிட்டுப் போயிருன்னாங்க. இனிமே இந்த லீக்ல எவனும் சேக்க மாட்டான். துரோகின்னு பேப்பர்லயும் போடுவாங்க. போடட்டும்.

விட்டுக்குடுத்தேனாவா? நீங்க வேற.

என்ன வருதுன்னு தெரியும், எங்க விழும்னும் தெரியும். ஒடம்புல இருந்த மொத்தத்தையும் போட்டுத்தான் வீசினேன். படல. அதை எப்படிக்கா அவங்ககிட்ட சொல்றது?

கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க. எங்க ஊரு வந்துருச்சு.