எஞ்சின் என்ற சக்களத்தி

செல் குண்டு விழுகிறது. வலப்பக்கம். தண்ணீர் பனை உயரம் எழும்பி எங்கள் மேலேயே கொட்டுகிறது. அடுத்தது இடப்பக்கம். படகில் எல்லாரும் குனிகிறார்கள். நான் குனியவில்லை. காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். செல்லுக்கு அல்ல. எஞ்சினுக்கு.

பின்பக்கக் குழாயின் சத்தம் மாறிவிட்டது. சளப், சளப் என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு ஓட வேண்டிய எஞ்சின். இப்போது துப்பவில்லை. வறட்டு இருமல் இருமுகிறது. வெறும் புகை. படகின் நடுவே எஞ்சினை மூடியிருக்கும் பலகைப் பெட்டியின் இடுக்கு வழியே ஆவி வருகிறது. பெயின்ட் கருகும் வாடை.

"சூடு! நிப்பாட்டு!"

கத்தியவர் என் வீட்டுக்காரர் யோகன். படகின் அடியில் மல்லாந்து கிடக்கிறார். கரையை விட்ட கொஞ்ச நேரத்திலேயே வயிற்றில் செல்லின் சில்லுப் பட்டது. சுக்கானை என் கையில் தந்துவிட்டுச் சரிந்தார். அவருடைய தலை ராஜேஸ்வரி அக்காவின் மடியில் இருக்கிறது. என் மடியில் அல்ல. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

"நிப்பாட்டாத! ஓட்டு! ஓட்டு!" மற்ற எல்லாரும் கத்துகிறார்கள்.

இது முல்லைத்தீவுக் கடல். போருக்குத் தப்பி ஓடுகிறோம். மாசி மாதம். வெயில் ஏறுகிற நேரம். அம்மாவைக் கரை மணலில் புதைத்து ஒரு கிழமை ஆகிறது.

நான் கலஹாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பெயர் செல்வி. கலவரத்தில் லயத்தை எரித்த வருடம் எங்களைப் போன்ற பலரோடு மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனோம். ராஜேஸ்வரி அக்கா ஹேவாஹெட்டக்காரி. படகில் வந்த முருகேசு அண்ணன் எங்கள் தோட்டத்துக்காரர். யோகன் மட்டும் கடலுக்கே பிறந்தவர். அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒரு சக்களத்தி இருப்பது தெரிந்தது.

அந்த எஞ்சின்தான். அதை அவர் 'அது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'அவள்' என்பார். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குச் சந்தனப் பொட்டு வைத்த பிறகுதான் எனக்குப் பூ. கடலுக்குப் போகும் முன் அவள் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நிற்பார். நான் காய்ச்சலில் கிடந்தால் புறங்கையால் நெற்றியை ஒரு தொடு. அவ்வளவுதான். உடனே கரைக்கு ஓடுவார். வயிறு எரியும் எனக்கு. சக்களத்தியைப் பற்றி விசாரிக்காத பெண் உண்டா? நானும் விசாரித்தேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து அவர் அவளைக் கழற்றுவதையும் பூட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி என்னதான் இருக்கிறது இவளிடம்? எங்கே தண்ணீர் குடிக்கிறாள், எங்கே துப்புகிறாள், எதற்கு முனகுகிறாள்? எனக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருக்கக் கூடாது என்று இருந்தது.

அந்தப் பொறாமைதான் அன்றைக்குக் கை கொடுத்தது.

எஞ்சினை நிறுத்துகிறேன். ஏன் என்று சொல்ல நேரம் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் பற்றிக்கொள்ளும். பிறகு நடுக்கடலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சத்தம் அடங்குகிறது. அந்த அமைதி செல்லைவிட மோசம். படகு மிதக்கிறது. ஒருவர் என் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறார். தட்டிவிடுகிறேன். பெட்டியைத் திறக்கிறேன். ஆவி முகத்தில் அடிக்கிறது.

முருகேசு அண்ணன் வாளியில் கடல் தண்ணீரை அள்ளிக்கொண்டு வருகிறார். அவருக்குத் தெரிந்தது அதுதான். பேராதனையிலிருந்து கலஹா மலை ஏறும் பஸ் கொதித்து நின்றால் கண்டக்டர் அப்படித்தான் செய்வான். ஓடைத் தண்ணீரை அள்ளி எஞ்சின் மேல் வீசுவான். சுர்ரென்று ஆவி பறக்கும். நாங்கள் கை தட்டுவோம்.

"ஊத்தாதீங்க அண்ணே! வெடிச்சிரும்!"

வாளியைக் கட்டிப் பிடிக்கிறேன். அவர் என்னைப் பைத்தியக்காரி போலப் பார்க்கிறார். கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிளந்துவிடும். யோகன் எத்தனையோ தரம் சொன்னது. எனக்குச் சொன்னதில்லை. அவளைத் துடைத்துக்கொண்டே தனக்குத்தானே சொன்னது. நான் ஒட்டுக் கேட்டது.

"ஆற விடு," என்கிறார் யோகன் கீழேயிருந்து. குரல் தேய்ந்துவிட்டது. "சல்லடையைப் பார்."

கடல் தண்ணீர் படகின் அடியில் ஒரு துளை வழியாக உள்ளே வரும். குழாய். பிறகு குப்பையைப் பிடிக்கிற சல்லடைக் கிண்ணம். பிறகு பம்பு. பம்பு தள்ளுகிற தண்ணீர் எஞ்சினைச் சுற்றிவந்து பின்னால் கொட்டும். கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் பம்பில் பிழை. நான் திறந்து பார்க்கிறேன். கொஞ்சம் பாசி. தண்ணீர் இல்லை. அப்படியானால் உள்ளேயே வரவில்லை.

அடித்துளையிலிருந்து குழாயைக் கழற்றுகிறேன். கை வேகிறது. கடல் பீறிட்டு வர வேண்டும். வரவில்லை. ஒழுகுகிறது. அடியில் அடைப்பு.

"கம்பி! கம்பி குடுங்க!"

கம்பி யாரிடமும் இல்லை. எங்கள் ஆட்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் சமையல் சாமானை விடமாட்டார்கள். ராஜேஸ்வரி அக்கா மூட்டையிலிருந்து அகப்பையை உருவி எறிகிறார். அதன் முனையிலிருந்த சிரட்டையை உடைத்துவிட்டுக் காம்பைத் துளைக்குள் விடுகிறேன். குத்துகிறேன். அசையவில்லை. இன்னொரு முறை. பிறகு முழுப் பலத்தோடு.

கடல் என் முகத்தில் அறைகிறது. குழாயைத் திரும்ப மாட்டுகிறேன். கிளிப்பை விரலாலேயே முறுக்குகிறேன். துளையை அடைத்திருந்த நீலத் தறப்பாள் துண்டு ஒன்று படகோரம் மிதந்து போகிறது. கரையில் செல் விழுந்து கூடாரங்கள் பறந்தன. கடல் முழுக்கத் தறப்பாள்.

உடனே இயக்க முடியாது. ஆற வேண்டும். அவளுடைய தலை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன், அவர் வைப்பது போலவே. கை தாங்கவில்லை. எடுக்கிறேன். மறுபடி வைக்கிறேன். செல் ஒன்று மிகக் கிட்ட விழுகிறது. முருகேசு அண்ணன் வாளியோடு சாய்கிறார். எழவில்லை. நான் கையை அவள் மேல் வைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது கை தாங்குகிறது.

இயக்குகிறேன். பிடிக்கிறது. குழாயில் புகை. வெறும் புகை. பம்பின் ரப்பர் சக்கரம் வறண்டு கிழிந்திருந்தால் எல்லாம் முடிந்தது. புகை. இன்னும் புகை.

சளப்.

சளப், சளப்.

படகே அழுகிறது. நான் சிரித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்புகிறேன். பார்த்தீங்களா என்று கேட்க வாய் எடுக்கிறேன். ராஜேஸ்வரி அக்கா யோகனின் கண்களைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறார்.

தெற்கே ஒரு கரையில் ஒதுங்கினோம். இருவரையும் கையால் மணல் தோண்டிப் புதைத்தோம். ஆமிக்காரர்கள் எங்களை லொறியில் ஏற்றினார்கள். படகு அங்கேயே கிடந்தது. அவளும்.

இப்போது கலஹாவில் பெரியப்பா மகன் வீட்டில் இருக்கிறேன். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. மலை ஏற்றத்தில் பஸ் கொதித்து நின்றால் இறங்கி நடந்துவிடுவேன். கண்டக்டர் தண்ணீர் அள்ளுவதைப் பார்க்கமாட்டேன்.

ராஜேஸ்வரி அக்கா ஹேவாஹெட்டவுக்குத் திரும்பிவிட்டார். கண்டி மார்க்கெட்டுக்கு வந்தால் கடைக்கு வருவார். நல்ல மனுஷி. ஆனாலும் அவருடைய மடியைப் பார்த்தால் எனக்குப் பற்றி எரியும். யோகனின் கடைசிப் பேச்சைக் கேட்டவர் அவர். ஒவ்வொரு முறையும் கேட்பேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார். எஞ்சின் இயங்கியதும் யோகன் பலகையில் கையை வைத்துப் பார்த்தாராம். அதிர்வு கையில் தெரிந்திருக்கும். "ஓம், இப்ப அவள் நல்லா இருக்கிறாள்" என்றாராம். அவ்வளவுதான்.

போன மாதமும் கேட்டேன். "வேற ஒண்ணும் சொல்லலியா அக்கா?"

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். "ஒம் பேரச் சொன்னாருன்னு பொய் சொல்லட்டுமா செல்வி? மனசு ஆறும்னா சொல்றேன்."

வேண்டாம் என்றேன்.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். படகில் ஏறியது பத்தொன்பது பேர். உயிரோடு இறங்கியது பதினேழு பேர். இழந்தது: கரையில் என் அம்மா பாக்கியம். கடலில் முருகேசு அண்ணன். கடலில் என் யோகன். ஒரு அகப்பை. ஒரு படகு. அவளையும் எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து கடைசி வார்த்தையை வாங்கிக்கொண்டவள் அவள்தான். எந்தக் கரையில் துருப்பிடித்துக் கிடக்கிறாளோ தெரியாது. எங்கே கிடந்தாலும் அவருடைய உள்ளங்கை இனி அவள் மேலும் படாது. எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது.