தலைவி அக்காவின் குளத்துக்கு நாம் போகவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியவர்களே, வலையைக் காயப்போட்டுவிட்டு ஈரக் காலோடு வந்திருக்கும் குளத்துக்காரர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மருமகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மீன் வளர்ப்போர் சங்கத்தின் முன்னாள் தலைவி, நாம் எல்லோரும் தலைவி அக்கா என்று அழைத்தவர், மாரடைப்பால் நம்மை விட்டுப் போய்விட்டார். முன்னாள் தலைவி! அவரை முன்னாள் ஆக்கியது யார்? வயதா? நோயா? நாம்தான். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன் நான். அவரைப் பற்றிப் பேச எனக்கு வாய் கூசுகிறது.

நம் குளங்களுக்கெல்லாம் ஒரே தண்ணீர்தான். மேல்குளத்தில் புகுந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கீழ்க்குளம் வரை போகிறது. ஒரு குளத்தில் நோய் வந்தால் அடுத்த குளமும் போய்விடும். மீனுக்கு நோய் கண்டதும் மதகில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், அதைப் பார்த்ததும் கீழே உள்ளவர்கள் தங்கள் மதகை அடைக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அக்கா. ஒருவர் வலை இழுத்தால் எல்லோரும் போய்க் கைகொடுக்க வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசியவரும் அவர்தான். என்னைப் பார்த்தால், "உனக்கு மைக் பிடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு வலை பிடிக்கத் தெரியலையேப்பா" என்பார். உண்மைதான்.

போன கோடையில் துணி கட்டும் நிலை அவருக்கே வந்தது. மறுநாள் வியாபாரியின் லாரி வர இருந்தது. எல்லாக் குளங்களிலும் மீன் விற்பனைக்குத் தயார். ஒரே ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் கட்டிவிட்டார். லாரி துணியைப் பார்த்துவிட்டு, ஒருவர் குளத்திலும் மீன் எடுக்காமல் திரும்பிப் போனது. நம் வயிற்றெரிச்சலை யார்மேல் கொட்டினோம்? நோயின் மேலா? வியாபாரியின் மேலா? அக்காவின் மேல் கொட்டினோம். பதவியைப் பறித்தோம்.

அதோடு விட்டோமா? நோயில் தப்பிய மீனை எடுக்க அவர் வலை போட்ட அன்று நாம் ஒருவரும் போகவில்லை. சொல்லிவைத்தாற்போல் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. அவரும் மருமகளும் ஆளுக்கொரு முனையாக அந்தப் பெரிய வலையை இழுத்தார்கள். பாதிக் குளத்தில் வலை சேற்றில் மாட்டிக் கிழிந்தது. மீன் தப்பிப் போனது.

அடுத்த வாரம் என் குளத்தில் வலை இழுத்தபோது முதல் ஆளாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர் யார்? அவர்தான்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கயித்த இறுக்கிப் பிடிப்பா, மீன் போயிடப்போகுது." அந்தக் குரல் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நண்பர்களே! படத்தைத் திறந்தால் போதுமா? மாலை போட்டால் போதுமா? அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இன்று காலை என் குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இரண்டைப் பிடித்துப் பார்த்தேன். செவுளெல்லாம் புண். நாளை லாரி வருகிறது. அது போன பிறகு துணி கட்டிக்கொள்ளலாம் என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். சற்று முன்பு அக்காவின் படத்துக்கு மாலை போட்டபோதும் அதே நினைப்புத்தான்.

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், மௌன அஞ்சலிக்கு நேரமில்லை. நான் துணி கட்டப் போகிறேன். லாரி திரும்பிப் போகும். என்னைத் திட்டுங்கள், நாற்காலியைப் பிடுங்குங்கள், ஆனால் அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்குளத்துக்காரர்களே, எழுந்து போய் மதகை அடையுங்கள்.

மருமகளே, நீ முதலில் ஓடு அம்மா. என் குளத்துக்கு அடுத்தது உங்கள் குளம்தான். காலையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.