நாலு டப்பாவும் ஒரு டேப்பும்

...பசிச்சா சாப்பிடலாம், அது நியாயம். பசிக்காதவனைப் போய் சாப்பிடு சாப்பிடுன்னா என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க சார். கையைக் கொஞ்சம் தூக்குங்க... ஆங், அப்படியே நில்லுங்க. அந்த மேசையப் பாருங்க. நாலு டப்பா. எட்டு, பதினொண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு மூடி மேல மணி எழுதி வெச்சிருக்கா எங்க வீட்டம்மா. எழுதியிருக்கறது துணியில கோடு போடற என் சாக்பீஸால.

பதினொண்ணு டப்பாவத் தொறங்க. ரெண்டு முட்டை இருக்கும். ஒண்ணு எடுத்துக்கோங்க சார். சும்மா எடுங்க, சங்கடப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடி வந்த தபால்காரர் எட்டு மணி டப்பாவையே முடிச்சிட்டுப் போனாரு. நல்ல மனுஷன்.

எனக்கு இந்தப் பசிங்கறது சின்ன வயசுலேர்ந்தே பெருசா வராது சார். மெஷின்ல உக்காந்தா மத்தியானம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்புறம் எப்படி தொப்பை வந்துச்சுன்னு கேக்கக் கூடாது. கஸ்டமர் வந்தா ஒரு டீ, போனா ஒரு டீ, கூட நாலு பிஸ்கட். அதையெல்லாம் யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாங்களா? டாக்டரம்மா சொன்னாங்க. இடுப்பு நாப்பத்திரெண்டு இஞ்ச், சக்கரை வாசல்ல நிக்குது, முப்பத்தாறுக்குக் கொண்டாங்கன்னாங்க. அது ஆச்சு, இந்த அஞ்சு மாசம்.

சரின்னு டீயை விட்டேன், பிஸ்கட்டை விட்டேன். முதல் ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னாடி நின்னு நானே அளந்து பாத்தா, நாப்பத்திநாலு. விட்டதுக்கப்புறம் ரெண்டு ஏறியிருக்கு சார். பயந்துட்டேன். ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். அப்புறம் காலையில சாப்பிடறதையும். பசிதான் இல்லையே, நமக்கென்ன. மெதுவா இறங்குச்சு... இறங்கி, முப்பத்தெட்டுல வந்து நின்னுடுச்சு. நகர மாட்டேங்குது. மத்தியானத்துலயும் பாதியக் குறைச்சேன்.

திரும்புங்க... முதுகு.

போன மாசம் ஒரு கோட்டுத் துணிய வெட்டிட்டு இருந்தேன். கை நடுங்கி, கத்திரி எங்கயோ போய், துணியும் போச்சு, நானும் கீழ விழுந்துட்டேன். க்ளினிக்குல தூக்கிட்டுப் போய்ப் போட்டாங்க. அங்க நர்ஸம்மா ஒரு காகித டேப்பை வெச்சு அளந்துட்டு, முப்பத்தாறுங்கறாங்க. நான் சிரிச்சுட்டேன். முப்பது வருஷமா அடுத்தவன் இடுப்பை அளந்தே குடும்பம் நடத்தறவன்கிட்ட காகிதத்தக் காட்டறாங்க. டாக்டரம்மாவும் அதையே நம்பிக்கிட்டு, குறைச்சது போதும், பசி வரும்னு காத்திருக்காதீங்க, மணி பாத்து சாப்பிடுங்க, கொஞ்சமா இருந்தாலும் சத்தா சாப்பிடுங்கன்னு... ம், வர்றவங்க சாப்பிடறாங்க.

அன்னிக்கே வீட்டம்மா கத்திரிய எடுத்துக்கிட்டா. உங்க கை நிக்கட்டும், அப்புறம் தரேன்னுட்டா. உள்ள கரக் கரக்னு கேக்குதா? என் கத்திரிதான். அவதான் வெட்டறா. நல்லாத்தான் வெட்டறா சார்... அதான் எனக்குத் தாங்கல. தினம் ஒரு தடவை ஊசியும் நூலும் குடுத்து, கோத்துக் காட்டுங்கன்னு எதிர்ல நிக்கறா. நேத்து ஏழு தடவ முயற்சி பண்ணேன், காதுல ஏறல. டப்பா நாலும் தினம் காலியாத்தானே வருது, இன்னும் ஏன் நடுங்குதுன்னு அவளுக்கு ஒரே குழப்பம். பாவம்.

சாப்பிடுங்க சார், என்ன கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கறீங்க.

இப்ப இடுப்பு. மூச்ச இழுக்காதீங்க, எல்லாரும் இதையேதான் பண்றாங்க. முப்பத்தாறு. நோட்டுல முப்பத்திநாலுன்னு போட்டுக்கறேன்.

என்ன பாக்கறீங்க?

ஓ, அதுவா. டேப்போட முனை நைஞ்சு போச்சு சார், ரெண்டு இஞ்ச் வெட்டி எறிஞ்சிட்டேன். ஒரு வருஷம் இருக்கும். புதுசு வாங்கலாம்தான், இது கைக்குப் பழகிடுச்சு. வர்றதுல ரெண்டு கழிச்சு எழுதணும், அவ்வளவுதானே. நோட்டைத் தொட்டா கை தானா கழிச்சிடும்.

என்னோட அளவா? அத எதுக்கு நோட்டுல எழுதறேன், நான் என்ன கஸ்டமரா? சும்மா கண்ணாடில பாத்து, அப்படியே...

அப்படியே...

முப்பத்தெட்டுல ரெண்டு போனா...

மெதுவாப் பேசுங்க சார். உள்ள கத்திரிச் சத்தம் நின்னுடுச்சு.

ஒண்ணுமில்லம்மா. சார் டேப்பைப் பத்திக் கேட்டாரு. சும்மாதான்.

சார், அந்த முட்டைய இப்படிக் குடுங்க. கடிச்சிட்டீங்களா? பரவால்ல, மிச்சத்தைக் குடுங்க. இன்னொண்ணையும் எடுங்க, சீக்கிரம். பசியெல்லாம் ஒண்ணும் இல்ல... அவ ஊசிய எடுத்துக்கிட்டு வரா.