அலுமாரிச் சாவி

கண்டியில் காப்புறுதி அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"அலவத்துகொட சந்தியில பொலிஸ் மறிச்சி இன்சூரன்ஸ் கார்ட் கேட்டாங்க, காக்கா. ஊட்டுல ஈக்கின்னேன். போய் எடுத்துட்டு வாங்கன்னாங்க."

"ஊடுதான் மண்சரிவுல போச்சே, தம்பி?"

"கார்ல வெச்சா நனஞ்சிரும்னு பொஞ்சாதி கார்டை அலுமாரியில பூட்டி வெச்சிருந்தா. அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். காரையும் ஊட்டுப் பக்கம் திருப்பிட்டேன்."

பெரியவர் கையிலிருந்த படிவத்தை மடித்தார்.

"அவ இப்ப அவட உம்மா வாப்பா ஊட்டுல. போற வழியில கோல் எடுத்து, அலுமாரிச் சாவி எங்கன்னு கேட்டேன். மெத்தைக்குக் கீழ பாருங்கன்னா."

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை.

"பொறகு ரெண்டு பேரும் ஃபோனை வெக்கவும் இல்ல, பேசவும் இல்ல."