துரை உட்காரும் பலகை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், என் முன் ஸீட்டில் ஒரு பண்ணையாரும் அவருடைய ஆசாரியும். பண்ணையாரின் குற்றாலம் பங்களாவில் மாடி வராந்தாவின் மரத்தளம் உளுத்துவிட்டதாம். சாரலுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் தங்க வருகிறாராம்.

“எல்லாத்தையும் மாத்தினா செலவு தாங்காதுவே. தொரை உக்காருத இடத்துக்கு மட்டும் புதுப் பலகை போடும்.”

“அங்கன வரைக்கும் தொரை பறந்தா வருவாரு, ஐயா?”

“சரி, படியிலேருந்து நாற்காலி வரைக்கும் ஒரு வரிசை சேத்துக்கிடும்.”

“மிச்ச இடம்?”

“கெடக்கட்டும். அங்கன கைகட்டி நிக்கப்போறது நம்மாளுகதானவே?”

ஆசாரி கொஞ்சம் யோசித்தார்.

“நீங்க எங்கன நிப்பிய, ஐயா?”

பண்ணையார் பஸ்ஸின் படுதாவைத் தூக்கி, வெற்றிலையைத் துப்பத் தலையை வெளியே நீட்டினார். மழை முகத்தில் அடித்தது. குற்றாலம் வரும்வரை தலையை உள்ளே இழுக்கவில்லை.